ஒன்று விழாத கீபோர்ட்

அழகுமுத்து என்னை அறைந்தது ஆபீஸ் ஜன்னல் வழியாக. சம்பளச் சீட்டுக் கொடுக்கிற அந்தச் சின்ன ஜன்னலுக்குள் ஒரு கையை விட்டு என் தலைமுடியைப் பிடித்து இழுத்து, கம்பியோடு முகத்தை அழுத்தி, மறு கையால் அறைந்தான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் தடுக்கவில்லை. இன்னொன்று போடு என்று ஒரு பொம்பளைக் குரல்கூடக் கேட்டது. எனக்கு வந்த ஆத்திரத்தில் மேசையிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து அவன் விரலில் ஒரே குத்து. அதற்குப் பிறகுதான் முடியை விட்டான்.

நான் சுலக்ஷனா. டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கம்பியூட்டர் கிளாக். தோட்டத்தின் பெயர் வேண்டாம், இருக்கிற கேஸ் போதும். லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்த பிள்ளைகளில் அந்த ஆபீஸ் நாற்காலியில் முதலில் உட்கார்ந்தவள் நான்தான் என்று என் அம்மா போகிறவள் வருகிறவளிடமெல்லாம் சொல்லித் திரிந்தாள். அந்தப் பெருமையே எனக்கு வினையாக முடிந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு ஆள் ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ கொழுந்து பறித்தால் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் கூலி. நிறுவைத் தாளைப் பார்த்து ஆளுக்கு ஆள் கிலோவை கம்பியூட்டரில் பதிவது என் வேலை. என் கண் தாளில் இருக்கும், விரல் தன்பாட்டில் ஓடும், திரையைப் பார்ப்பதே இல்லை. ஒரு மாதம் கீபோர்ட்டில் ஒன்று என்கிற எண் விழாமல் போயிருக்கிறது. பதினெட்டு எட்டானது, பத்தொன்பது ஒன்பதானது. நான் கவனிக்கவில்லை. அந்த மாதம் பாதி மலைக்கு அரைப்பேர் விழுந்தது. அழகுமுத்துவின் மனைவி ராக்காயிக்குத்தான் அதிகம். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மழையில் பறித்தவள். அவள் கோபம் எனக்கும் புரிந்தது. ஆனால் அந்த ஜன்னலில் என்னை அடித்தது கோபத்தில் இல்லை. இவள் வேண்டுமென்றே செய்தாள், ஆபீஸில் உட்கார்ந்ததும் எங்களை மறந்துவிட்டாள் என்ற எண்ணத்தில்.

அதற்குப் பிறகு நான் சும்மா இருப்பேனா? ஒவ்வொரு எண்ணையும் பதிந்து, திரையைப் பார்த்து, திரும்பவும் தாளைப் பார்த்தேன். புதுக் கீபோர்ட் வந்தது. சில வாரத்தில் அதுவும் அப்படியே. ஒன்று விழாது, இல்லாவிட்டால் அமுக்கியது மேலே வராமல் திரை முழுக்க ஒன்று, ஒன்று என்று கொட்டும். அடுத்தது வந்தது, அதுவும் போயிற்று. சம்பளம் பிந்தியது. பழைய அரைப்பேரைத் திருத்தவும் முடியவில்லை. கம்பனியின் தலைமை ஆபீஸ், அடுத்த மாதம் பார்ப்போம் என்றது. லயத்தில் ஒரே பேச்சு: திருடி, களவு தெரிந்துவிடுமென்று கம்பியூட்டர் பொட்டியை உடைத்து உடைத்து வைக்கிறாள்.

ஆபீஸில் எனக்காகப் பேசியவர் பெரிய கிளாக்கர் சண்முகராஜா ஐயா ஒருவர்தான், அப்படித்தான் நான் நம்பினேன். முப்பது வருடத்துக்கு மேல் பேரேடு எழுதிய மனிதர். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் இரண்டு பேனை. சீனி வருத்தம் முற்றி ஒரு கால் விரலை எடுத்தாயிற்று. சீனி விலை ஏறியபோது, தேத்தண்ணியில் போட்டுக் கலக்கக் கூடாது, ஆளுக்கு ஒரு கரண்டி உள்ளங்கையில்தான் என்று சட்டம் போட்டவரும் அவர்தான். சீனிப் பேணியைத் தன் அலுமாரியில் பூட்டிவைத்து, பத்து மணிக்கு எல்லாருக்கும் அளந்து கொட்டுவார். நாங்கள் இஸ்தோப்பில், ஆபீஸ் முன் திண்ணையில், நின்று உள்ளங்கையை நக்கி நக்கி பிளேன்டீ குடிப்போம். கம்பியூட்டர் அறைக்குள் தின்னவோ குடிக்கவோ கூடாதென்று கதவில் எழுதி ஒட்டியிருந்தார். அவர் மட்டும் வெறும் சாயத்தைக் கசக்கக் கசக்கக் குடிப்பார். எங்களுக்கெல்லாம் பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஐயா சொன்னபடியெல்லாம் செய்தேன். பனி ஈரம் என்றார். கீபோர்ட்டைப் பொலித்தீனால் மூடி, மேசைக்கடியில் ஒரு பல்ப்பை எரியவிட்டேன். எலி என்றார். மருந்து வைத்தேன், ஒரு எலியும் சாகவில்லை. செய்வினை என்றார். பூசாரி வந்து எலுமிச்சங்காய் கட்டினார். அது காய்ந்து போனது, கீபோர்ட்டும் போனது. அடுத்ததும் பழுதானால் என்னை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி மேலேயிருந்து துரைக்கு, அதாவது தோட்ட மேனேஜருக்கு, உத்தரவு வந்திருப்பதாக ஒரு நாள் மெல்லச் சொன்னார். நான் அவர் முன்னால் அழுதேன். முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தக் கையை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் எரிகிறது.

பிறகு அழகுமுத்துவும் அவன் ஆட்களும் என் தம்பியை அடித்தார்கள். கிஷாந்த் ஆட்டோ ஓட்டுகிறவன், வாயும் இல்லை வம்பும் இல்லை. பெக்டரி வளைவில் வண்டியை மறித்து, சாவியைப் பிடுங்கி, கீழே இழுத்துப்போட்டு விறகுக்கட்டையால் அடித்திருக்கிறார்கள். அக்கா திருடிய காசில்தானே ஆட்டோ என்று கேட்டுக் கேட்டு அடித்திருக்கிறார்கள். அது மாதாமாதம் கடன் கட்டுகிற லீசிங் வண்டி. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது காதுக்கு மேலே மண்டை பிளந்து, இரத்தம் காலருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அக்கா பஸ் வந்துருச்சா என்று கேட்டான். எந்த பஸ் என்று எனக்கு விளங்கவில்லை, அவனுக்கும் விளங்கியிருக்காது.

அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு நேரே அழகுமுத்து லயத்துக்குப் போனேன். வழியில் யாரோ சாத்திவைத்திருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டுதான் போனேன். கதவில் ஒரே போடு, பலகை தெறித்தது. ராக்காயி வெளியே வந்து என் முடியைப் பிடித்தாள், நான் அவள் முடியைப் பிடித்தேன், இரண்டு பேரும் சாக்கடையில் விழுந்து புரண்டோம். அவள் என் தோளைக் கடித்தாள். அழகுமுத்து வந்து என் வயிற்றில் மிதித்துத்தான் எங்களைப் பிரித்தான். மூச்சு வராமல் கிடந்த என் வலது கையை எடுத்து, ஆட்காட்டி விரலை மட்டும் தனியாக மடக்கிப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னான்.

"இந்த மாசமும் எம் பொஞ்சாதி பேரு பாதியாப் போச்சுன்னா, கவ்வாத்துக் கத்தி எடுத்துட்டு வருவேன். இந்த வெரலு ஒனக்கு இருக்காது."

கவ்வாத்துக் கத்தி தேயிலைக் கிளையை ஒரே வெட்டில் துண்டாக்குவது, அவனும் சொன்னதைச் செய்கிறவன். சுற்றி நின்றவர்களும் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் பழுதான கீபோர்ட்டைப் பையில் போட்டுக்கொண்டு அட்டன் டவுனுக்குப் போனேன். பிரதாப்பின் கடையில்தான் எல்லாக் கீபோர்ட்டும் வாங்கினோம். டூப்ளிகேட் சாமானை விற்று என் தம்பியைச் சாகடிக்கப் பார்த்தாயே என்று கடை வாசலிலேயே கத்தினேன். அவன் பொறுமைக்காரன். கேட்டுக்கொண்டே ஆணிகளைக் கழற்றிக் கீபோர்ட்டைத் திறந்து என் முன்னால் வைத்தான்.

"பாருங்க அக்கா. உள்ளுக்கு பாகு மாதிரி ஒட்டியிருக்கு, எறும்பும் செத்துக் கெடக்கு. யாரோ இனிப்புக் கையால தொடுறாங்க."

நான் தின்பதில்லை, அந்த அறையில் யாருமே தின்பதில்லை என்றேன். அவன் தோளைக் குலுக்கினான். நான் குனிந்து பார்த்தேன். தேத்தண்ணி கொட்டியிருந்தால் எங்கும் பரவியிருக்க வேண்டும். இது அப்படி இல்லை. ஒன்றுக்குக் கீழேயும் என்டருக்குக் கீழேயும் மட்டும் பழுப்பாக உறைந்து கிடந்தது. மற்ற விசையெல்லாம் சுத்தம். சுண்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சீனிதான்.

திரும்பி வரும் பஸ்ஸில் அதே யோசனை. பதிகிறவள் எல்லா எண்ணையும் அமுக்குவாள். ஒன்றையும் என்டரையும் மட்டும் அமுக்குகிறவர் யார்? எங்கள் கம்பியூட்டரில் கணக்கைப் பார்க்க ஒன்றை அமுக்கி என்டர் தட்ட வேண்டும், பதிய இரண்டு. அப்படியானால் இது பதிகிற கை இல்லை, பார்க்கிற கை. நான் மத்தியானம் சாப்பிட லயத்துக்குப் போனதும் என் நாற்காலியில் உட்கார்ந்து, காலைக் கணக்கைப் பார்த்து, துரைக்குப் போன் பண்ணுகிறவர் ஒருவர்தான், சண்முகராஜா ஐயா.  ஆனாலும் சீனியே தொடாத மனிதரை எப்படி நம்பாமல் இருப்பது?

அடுத்த நாள் புதுக் கீபோர்ட்டைக் கம்பியூட்டரில் பூட்டி, மத்தியானம் வழக்கம்போலக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படிவரைக்கும் போய், ஆபீஸின் பின்பக்கமாகச் சுற்றி வந்து ஜன்னல் ஓரம் நின்றேன். கண்ணாடியில் பனி. கையால் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

ஐயா என் நாற்காலியில் இருந்தார். இடது உள்ளங்கை நிறையச் சீனி. எங்களுக்கு அளக்கிற கரண்டிக்கு மூன்று நான்கு மடங்கு இருக்கும். கண்ணை மூடி, நாக்கை நீட்டி, நக்கினார். பிறகு பேரேட்டின் பக்கம் திருப்புகிறவர் செய்வதுபோல வலது விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஒன்றை அமுக்கினார். திரும்ப நாக்கில் தொட்டார், என்டரை அமுக்கினார். அடுத்த பக்கத்துக்கு மறுபடியும் நாக்கு, மறுபடியும் ஒன்று. காலமெல்லாம் காகிதம் புரட்டிய பழக்கம், கண்ணாடித் திரைக்கு முன்னாலும் எச்சில் தொடாமல் அவருக்குப் பக்கம் புரளாது.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதற்காகவா பல்ப்பு, இதற்காகவா எலுமிச்சங்காய்? சிரித்துக்கொண்டேதான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வயதான மனிதர், வாய் கேட்கவில்லை, தெரியாமல் செய்துவிட்டார், வெளியே வந்து ஒரு வார்த்தை சொன்னால் என் விரல் தப்பும் என்று நினைத்தேன். உண்மையாகவே அவ்வளவுதான் நினைத்தேன்.

அவர் கையைப் பொத்திக்கொண்டு எழுந்தார். முகம் செத்துப் போயிருந்தது. ஐயா, வெளியே நிறுவைக்கு எல்லாரும் வந்திருக்கிறார்கள், கீபோர்ட் பழுதானது இதனால்தான் என்று நீங்களே வந்து சொல்லுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார், முடியாது என்று. வீட்டில் மனைவி பரிமளத்துக்குத் தெரிந்தால் விஷம் குடித்துவிடுவாள், டொக்டர் இனி முழுக் காலையும் எடுப்பேன் என்றிருக்கிறார், கதவில் எழுதி ஒட்டியவனே தின்றான் என்றால் துரை முகத்தில் எப்படி முழிப்பது என்றெல்லாம் அடுக்கினார். அப்போதும் நான் பொறுமையாகத்தான் நின்றேன். பிறகு அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது.

"ரெண்டாவது கீபோர்ட்லயே எனக்குச் சந்தேகம் வந்துச்சு புள்ள. நிப்பாட்டலாம்னு பாத்தேன், முடியல. ஒனக்கு வயசிருக்கு, வேற எடத்துல வேல கெடைக்கும். எனக்கு யாரு தருவா?"

இரண்டாவது கீபோர்ட். அதாவது லயமே என்னைத் திருடி என்றபோது இவருக்குத் தெரியும். கிஷாந்தின் மண்டை பிளந்தபோதும் தெரியும். என் முதுகில் தட்டிக்கொடுத்தபோதும் தெரியும். வேறு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். துரையிடம் என்ன சொன்னீர்கள்?  லயத்துப் பிள்ளை, நோகாமல் தட்டத் தெரியாது, முரட்டுக் கை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாராம்.

கீபோர்ட்டை வயரோடு பிடுங்கினேன். அதன் விளிம்பால் அவர் வாயில் அடித்தேன். விசைகள் தெறித்துச் சுவரில் பட்டன. பல்லில் பட்ட சத்தம் கேட்டது. மூக்குக்கண்ணாடி போனது, அவர் அலுமாரியில் சாய்ந்தார், நான் திரும்ப அடித்தேன். கீபோர்ட் நடுவில் முறிந்தது. முறிந்த பாதியாலும் அடித்தேன். ஐயோ கொல்றாளே என்று அவர் போட்ட சத்தத்தில் நிறுவையில் நின்ற ஜனம் முழுக்க ஆபீஸுக்குள் வந்துவிட்டது. கூடையோடு பொம்பளைகள், கவ்வாத்து மலையிலிருந்து இறங்கிய ஆம்பிளைகள். அழகுமுத்துவின் கையில் கத்தி இருந்தது.

அப்போதாவது உண்மையைச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் வாயில் இரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நோக்கி விரல் நீட்டினார்.

"இவ கள்ளிடா அழகுமுத்து. கணக்க மாத்துறத கையும் களவுமாப் புடிச்சேன், அடிச்சிட்டா."

அழகுமுத்து என்னைப் பார்த்தான். கத்தி என் பக்கம் திரும்பியது. இரண்டு பேர் என் கையைப் பின்னால் முறுக்கி மேசையில் கவிழ்த்தார்கள், ஒருத்தி என் விரலைப் பிரித்து வைத்தாள். ராக்காயிதான் அது. நான் கத்தவில்லை. அவர் எடது கையத் தொறந்து பாரு, அத மட்டும் பாத்துட்டு வெட்டு என்று அவளிடம் சொன்னேன்.

அவ்வளவு அடி வாங்கியும் அவர் அந்தக் கையைத் திறக்கவே இல்லை. பொத்தியபடியே வைத்திருந்தார். ராக்காயி என் விரலை விட்டுவிட்டுப் போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் இழுத்தார். அவள் கொழுந்து கிள்ளுகிற கை, ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டாள். இரத்தமும் சீனியும் குழைந்து சிவப்பாகக் கிடந்தது. அவள் மோந்து பார்த்தாள். எனக்கு ஒரு கரண்டி சீனி கடனாகக் கொடுக்காத மனுசன் என்று சொல்லிக்கொண்டே முறிந்த கீபோர்ட்டை எடுத்துப் பார்த்தாள். நான் மேசையில் கவிழ்ந்தபடியே விசயத்தை ஒன்றும் விடாமல் சொன்னேன். எச்சில் விரல், ஒன்று, அரைப்பேர், எல்லாம். அவர் இல்லை என்று சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்ததை அடி என்று சொல்ல முடியாது. என்னை அடித்ததெல்லாம் அதற்கு முன்னால் விளையாட்டு. கூடையால் அடித்தார்கள், குடைக் கம்பியால் குத்தினார்கள், செருப்பைக் கழற்றாமலே மிதித்தார்கள். அவர் சுலக்ஷனா, சுலக்ஷனா என்று என்னைத்தான் கூப்பிட்டார். நான் தடுக்கவில்லை. பொய் சொல்ல மாட்டேன், முதலில் எனக்கு அது நன்றாகவே இருந்தது. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது போல இருந்தது. அழகுமுத்து அவருடைய வலது கையை எடுத்து, என் கை இருந்த அதே மேசையில் வைத்தான்.  அப்போதுதான் போதும்ணே என்று அவன் மேல் விழுந்தேன். கத்தி திரும்பி அதன் முதுகுப்பக்கம்தான் இறங்கியது. இருந்தாலும் விரல்கள் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

 அவர் தரையில் கிடந்தார், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அழகுமுத்து கத்தியைச் சாக்கில் துடைத்துவிட்டு, நாளைக்கு வேறு கீபோர்ட் எடுத்துப் பேரையெல்லாம் சரியாகப் போட்டுவிடு என்றான், ஒன்றுமே நடக்காதது போல. எனக்கு அடக்க முடியவில்லை. என் தம்பி மண்டையை உடைத்தாயே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டேன்.

"அதுக்குத்தான் இவர அடிச்சாச்சே" என்றான்.

மற்றவர்களும் அதைச் சரி என்பதுபோலவே நின்றார்கள். ஒருவருக்கும் என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்று தோன்றவில்லை.

துரை போன் பண்ணி, அம்புலன்ஸும் பொலிஸ் ஜீப்பும் ஒன்றாக வந்தன. யார் அடித்தது என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டார்.  ஸ்ட்ரெச்சரில் கிடந்த ஐயா உடைந்த வாயால், படியில் தவறி விழுந்துவிட்டேன் என்று சிங்களத்திலேயே முனகினார். சீனிக் கதை வெளியே வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. கூட்டத்துக்கு உயிர் வந்தது. ஆமாம் விழுந்துவிட்டார், வழுக்கல், நாங்கள் பார்த்தோம் என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். ராக்காயி என் காதுக்குப் பக்கத்தில் வந்து, நீயும் அப்படியே சொல்லு புள்ள, ஒன் வேலயும் நிக்கும், ஒருத்தருக்கும் கரச்சல் இல்ல என்றாள்.

அவள் சொன்னது சரிதான். விழுந்தார் என்று நான் சொன்னால் நாளைக்கு என் நாற்காலி எனக்கு. ஆனால் ஐயா விழுந்தார் என்றால், சீனி இல்லை. சீனி இல்லையென்றால் அந்தக் கீபோர்ட்டெல்லாம் நான் உடைத்ததுதான், கிஷாந்த் திருடியின் தம்பிதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவன் இன்னும் அந்த பஸ்ஸைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான்.

சார்ஜன்ட்டுக்கு முன்னால் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், முதல் அடி நான்தான் அடித்தேன், மிச்சத்தை இவர்கள் அடித்தார்கள், என் தம்பியின் மண்டையை உடைத்ததும் இவர்கள்தான், எதற்காக என்றும் சொல்கிறேன், எழுதுங்கள் என்றேன். ராக்காயி பெரிய மூச்சாக விட்டாள். யாரோ என் தாயைச் சேர்த்துத் திட்டினார்கள்.

சார்ஜன்ட் எழுதினார். ஜீப்பின் பின்சீட்டில் என்னையும் அழகுமுத்துவையும் எதிரெதிராக உட்கார வைத்தார்கள். டயகம வரைக்கும் அவன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. நான் அவனைப் பார்த்துக்கொண்டே போனேன்.